சோமாரிக்கு யார் சொன்னது

தப்பாகச் சொல்லிவிடுவோம் என்றுதான் லேயாளுக்குப் பயம். பொய் சொல்லிவிடுவோம் என்றுகூட இல்லை, பொய்யென்றால் யோசித்துச் சொல்ல வேண்டும், அவளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. பயம் வந்துவிட்டால் அவள் வாய் தானாகவே நாலு வார்த்தையைச் சேர்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். போன வருஷம் அவள் புருஷன் சற்குணத்தின் லோடு ஆட்டோ துறைமுக ரோட்டில் ஒரு சைக்கிளை லேசாக உரசியது. என்னக்கா ஆச்சு என்று எதிர்வீட்டுக்காரி கேட்டதுதான் தாமதம், "அவுகளுக்கு மயக்கமே வந்துட்டு" என்று சொல்லிவிட்டாள். பொழுது சாய்வதற்குள் ஐந்து வீட்டிலிருந்து ஆரஞ்சுப் பழமும் ரொட்டியும் வந்து குவிந்துவிட்டன. சற்குணம் ரொட்டியைத் தின்றுகொண்டே, "ஏட்டி, நாளைக்கும் மயங்கட்டுமா, ரொட்டி தீரப்போவுது" என்றான். அது வீட்டோடு போயிற்று. இது கோயில். மிஷனரி ஞாயிறு. பெண்கள் பக்கத்தில் மூன்றாவது பெஞ்சில், காற்றாடிக்குக் கீழாகப் பார்த்து அவளை உட்காரவைத்திருக்கிறார்கள், அதற்கு ஸ்தோத்திரம். போதகர் பிரசங்கத்தை இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறார். அது முடிந்ததும் லேயாளின் சாட்சி. இறால் கம்பெனியில் தன்னோடு வேலை பார்க்கிற சோமாரி என்ற வடக்கத்திப் பெண்ணை எப்படி ஆண்டவரிடம் கொண்டுவந்தாள் என்று அவள் மைக்கில் சொல்ல வேண்டும். அதற்கடுத்து சோமாரிக்கு ஞானஸ்நானம். தொட்டியில் தண்ணீர் ஊற்றியாயிற்று. சோமாரியோ கைக்குழந்தையாக இருந்தபோதே ஞானஸ்நானம் பெற்றவள். ஒருவருக்கு ஒரு தடவைதான் ஞானஸ்நானம், மறுபடியும் கொடுத்தால் முதலில் பெற்றது இல்லையென்று ஆகிவிடும், அந்தக் காரியத்தை இந்தச் சபை தெரிந்து ஒருநாளும் செய்யாது. ஆனால் சபைக்குத் தெரியாது. லேயாளுக்கு மட்டும் தெரியும். தெரிந்தவள் மூன்று வாரமாக வாயைத் திறக்கவில்லை.

போதகர் சுவரில் இருக்கிற தேசப்படத்தைக் கை நீட்டிக் காட்டுகிறார். சகல ஜனங்களிடமும் போய்ச் சொல்லும்படி ஆண்டவர் நமக்கு இட்ட கட்டளை என்கிறார். மரப்பலகையில் வரைந்த இந்தியா, சபை எங்கெங்கே மிஷனரியை அனுப்பித் தாங்குகிறதோ அங்கெல்லாம் ஒரு சிவப்பு பல்ப். மொத்தம் ஏழு பல்ப். இந்த வருஷத்து மழையில் ஒன்று விட்டு விட்டு எரிகிறது. லேயாள் அந்த அணைந்து அணைந்து எரியும் பல்பையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பல்ப் எரியாத இடமெல்லாம் நற்செய்தி போகாத இடம் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தாளே, வேறு யாராவது, நமக்கு முன்னாலேயே, நம்மைக் கேட்காமலேயே போயிருப்பார்கள் என்று ஒரு நாளாவது தோன்றியதா? சோமாரியின் ஊர் அந்தப் படத்தில் வெறும் பலகை. ஜார்க்கண்ட் என்று சின்னதாக எழுதியிருக்கும், பக்கத்தில் ஒரு ஆணிகூடக் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஐயரம்மா, போதகரின் மனைவியை அந்தச் சபையில் அப்படித்தான் கூப்பிடுவார்கள், குனிந்து, "பயப்படாத என்ன, நடந்தத நடந்தபடியே சொல்லு" என்கிறாள். அவள் புடவையில் கற்பூர வாசம். நடந்ததை நடந்தபடியே. அதுதானே அம்மா முடியவில்லை. நடந்தது எங்கே ஆரம்பிக்கிறது, கம்பெனியிலா, அதற்கும் முன்னாலா, ஏழாம் வகுப்பில் நின்ற அன்றைக்கா? அந்த வருஷம் பேராயர் வந்தபோது மனப்பாட வசனம் சொல்ல அவளை நிறுத்தினார்கள். நடுவில் ஒரு வரியைத் தாண்டிவிட்டாள், அர்த்தம் தலைகீழாகிவிட்டது, கோயிலே சிரித்தது. பேராயரும் சிரித்து அவளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். மிட்டாய் இனிப்பாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு அவள் எதையும் எழுந்து நின்று சொன்னதில்லை.

கம்பெனியிலேயே ஆரம்பிக்கலாம். போன ஆடியில் வடக்கேயிருந்து இருபது பெண்கள் வந்து இறங்கினார்கள். மேஸ்திரி பெயர்ப் பட்டியலை வாசித்தபோது சோமாரி என்று வந்ததும் மேசை மேசையாகச் சிரிப்பு. "பேரே சோமாரியாம்ளா, வேல எப்படிப் பாப்பா" என்று யாரோ சொல்ல, லேயாளும் சிரித்தாள், ஆமாம், கோயிலில் சிரிப்பு வாங்கினவளும் சிரித்தாள். திங்கட்கிழமை பிறந்தவள் என்பது அந்தப் பெயருக்கு அர்த்தம் என்று பிறகு தெரிந்தது. அந்தப் பெண்ணும் கூடச் சேர்ந்து சிரித்தது, எதற்கென்று தெரியாமல். அதை லேயாள் பார்த்தாள். மறுநாளிலிருந்து அவளைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். ஐஸுக்குள் கை விட்டு விட்டு விரல் மரத்துப்போகும், எந்த விரல் தன் விரல் என்றே தெரியாது. இறாலின் தலையை எப்படிக் கிள்ளினால் சதை பிய்யாது என்று கையைப் பிடித்துக் காட்டினாள். முழங்கை வரை பச்சை குத்தியிருந்தது சோமாரிக்கு, புள்ளியும் கோடுமாக. கையில் சிவப்பு வளையல், நெற்றியில் ஒன்றுமில்லை, கழுத்தில் ஒன்றுமில்லை. லேயாள் அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் தீர்மானம் செய்தாள், இவள் ஆண்டவரை அறியாதவள் என்று. வேறு எதைப் பார்த்து? ஒரு வார்த்தை கேட்க பாஷை இல்லை. கோயில் அலமாரியில் ஹிந்தியில் அச்சடித்த கைப்பிரதிகள் ஒரு கட்டு கிடந்தன. வாரம் ஒன்று எடுத்துப்போய் சாப்பாட்டு நேரத்தில் கொடுத்தாள். சோமாரி இரண்டு கையாலும் வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொள்வாள். நாலாவது வாரம், படம் போட்ட பிரதி, ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிற படம். லேயாள் விரலை வைத்து, "இயேசு" என்றாள். சோமாரியின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆகிவிட்டது. "ஏசு! ஏசு!" என்று லேயாளின் ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஒரே தடவை சொல்லிக்கொடுத்தேன், பிடித்துக்கொண்டாள், என்ன அறிவு, என்ன தாகம். அன்று சாயங்காலமே பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அதைச் சொன்னாள், அழுதுகொண்டே சொன்னாள். எல்லோரும் அழுதார்கள். ஐயரம்மா எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். நாற்பத்தொன்பது வருஷத்தில் அவளை அப்படி எல்லோரும் பார்க்கத் திரும்பி உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அது இனிப்பு. அது பேராயர் மிட்டாயைவிட இனிப்பு, என்னை மன்னியும் ஆண்டவரே.

போதகர் தண்ணீர் குடிக்கிறார். இன்னும் இரண்டு பக்கமாவது இருக்கும், தாளைத் திருப்புகிற வேகத்தைப் பார்த்தால். நீளமாகப் பேசுகிற போதகரைக் கொடுத்ததற்காக ஸ்தோத்திரம், மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் இதற்காக முணுமுணுத்ததை மன்னியும். ஆண்கள் பக்கத்தில் சற்குணம் தலையைத் தொங்கப்போட்டிருக்கிறான், தூக்கமோ ஜெபமோ. அவனுக்கும் சொல்லவில்லை. அந்தக் கட்டியைப் பற்றியும் அவனுக்கு முதலில் சொல்லவில்லையே. குளிக்கும்போது கையில் தட்டியது, இடது மார்பில், அடியில், புளியங்கொட்டை அளவு. பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி வைத்துக் கொஞ்சம் சதை எடுத்துக்கொண்டு பத்து நாள் கழித்து வா என்றார்கள். பத்து நாள். எத்தனை பேருக்காக ஜெபித்திருப்பாள், கட்டி என்று யாராவது சொன்னால் முதல் ஆளாய் முழங்காலில் நிற்பவள், தனக்கென்று வந்ததும் ஒரு வார்த்தை வரவில்லை. பரலோகத்திலிருக்கிற என்று ஆரம்பித்தால் அடுத்தது வராது, புளியங்கொட்டைதான் வரும். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, உடை மாற்றுகிற அறையில், ரப்பர் பூட்ஸைக் கழற்றமுடியாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் போய்விட்டார்கள். சோமாரி வந்து முன்னால் குத்தவைத்து, பூட்ஸை இழுத்துக் கழற்றினாள், இரண்டையும், பிள்ளைக்குக் கழற்றுகிற மாதிரி. பிறகு எழுந்து அவள் தலையில் கையை வைத்தாள். இறால் நாறுகிற, குளிர்ந்த கை. வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள், ஹிந்தியும் இல்லை, அவர்கள் சொந்தப் பாஷை. கண்ணை மூடி, நிறுத்தாமல், யாரோ எதிரே நிற்பதுபோல் கேட்டும் வாதாடியும் கெஞ்சியும், ஒரு இடத்தில் சிரித்தும். லேயாளுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் ஜெபம் புரியாதா? கேட்டுக் கேட்டு வளர்ந்த காது. இது நாலு வாரத்தில் கற்றுக்கொண்ட ஜெபம் இல்லை. இது அம்மாவின் மடியிலிருந்து வருகிற ஜெபம், பேசிப் பழகின ஆளோடு பேசுகிற பேச்சு. ஆமென் என்று முடித்து, கையை எடுக்காமலேயே மெதுவாக ஒரு பாட்டைத் தொடங்கினாள். பாஷைதான் வேறு. ராகம் லேயாள் தன் கல்யாணத்தன்று நின்று பாடிய ராகம். அழுகை வந்தது, பயத்தில் இல்லை. அன்று வீட்டுக்குப் போய்ச் சற்குணத்திடம் கட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டுத் தூங்கினாள், விடிகிறவரை தூங்கினாள். வெறும் கொழுப்புக் கட்டி என்று பின்னால் சொன்னார்கள், அதற்கும் ஸ்தோத்திரம், ஆனால் அந்தத் தூக்கம் அதற்கு முன்பே வந்துவிட்டது. இதை எப்படிச் சொல்லுவது? இதைச் சொன்னால் கட்டி குணமானது என்றுதான் எல்லோரும் பிடித்துக்கொள்வார்கள். அவளுடைய வாயும் கூடச் சேர்ந்துகொள்ளும்.

ரஹ்மத்தை இழுத்துவந்து கேட்டது மறுநாள். ரஹ்மத் கம்பெனியில் தரம் பார்க்கிறவள், ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து கட்டிக்கொடுத்து வந்தவள், வீட்டில் உருது, அதனால் ஹிந்தி வரும். தேநீர் நேரத்தில் மூன்று பேரும் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் நின்றார்கள். ரஹ்மத் கேட்டாள், சோமாரி பேசினாள், கையை நீட்டி மலை காட்டினாள், மணி அடித்துக் காட்டினாள். ரஹ்மத் வாயைப் பொத்திச் சிரித்தாள். "எக்கா, நீ நல்ல ஆளுக்குத்தான் பாடம் எடுத்திருக்கே. அவங்க தாத்தாவோட அப்பா காலத்துலேயே உங்க மார்க்கம்தானாம். ஊருல பெரிய சர்ச்சு, மணி அடிச்சா மூணு மலைக்குக் கேக்குமாம். இவளுக்குக் கைக்கொழந்தையிலேயே தலையில தண்ணி ஊத்திட்டாங்களாம்." லேயாள், "அப்ப நான் குடுத்த பிரதியெல்லாம்?" என்றாள். "பெட்டியில பத்திரமா வச்சிருக்காளாம். படிக்கத் தெரியாதாம். தானும் ஏசுவோட ஆளுன்னு அடையாளம் கண்டுக்கிட்டுத்தான் நீ குடுக்கிறேன்னு நெனச்சாளாம்." பிறகு சோமாரி லேயாளைப் பார்த்து இன்னும் என்னவோ சொன்னாள், மெதுவாக, சங்கடப்பட்டுக்கொண்டு. ரஹ்மத் சிரிப்பை நிறுத்தினாள். "இதையும் சொல்லட்டுமா? கோச்சுக்காதே. நீ எப்பவும் பயந்துக்கிட்டே இருக்கியாம். மேஸ்திரிக்குப் பயம், மழைக்குப் பயம், பஸ்ஸுக்குப் பயம். இவ்ளோ பயப்படுற பொம்பளைக்கு அந்த நல்ல செய்திய யாரும் இன்னும் சொல்லல போலிருக்குன்னு மொதல்ல நெனச்சாளாம். அதனால வந்த நாள்லேயிருந்து தெனமும் உனக்காக துவா பண்றாளாம்." ரஹ்மத் தன் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, "யா அல்லா, என்னை எதுக்கெல்லாம் நடுவுல நிறுத்துறீங்க நீங்க ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றைக்கே போதகரிடம் போயிருக்க வேண்டும். போனாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே போதகர் வெளியே வந்து, "வாங்கம்மா, உங்க பேச்சுத்தான் ஓடிக்கிட்டிருக்கு" என்றார். உள்ளே மேசையில் திருமண்டலப் பத்திரிகைக்கு அனுப்புகிற போட்டோ, லேயாளும் சோமாரியும் கம்பெனி வாசலில் நிற்பது. பட்டாளத்திலிருந்து வந்த ஒரு அண்ணாச்சியை வைத்துச் சோமாரியிடம் ஹிந்தியில் விசாரித்தாயிற்றாம். இயேசுவை விசுவாசிக்கிறாயா, ஆமாம். எங்கள் சபையில் சேர விருப்பமா, ஆமாம். முறையாகக் கேட்டார்கள், முறையாகத்தான் பதில் சொன்னாள். ஏற்கெனவே ஞானஸ்நானம் ஆகிவிட்டதா என்று கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. லேயாளுக்குத் தோன்றாதது அவர்களுக்கு மட்டும் எப்படித் தோன்றும்? அவள் முருங்கைக்கீரை கொண்டுவந்திருப்பதாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தாள். அடுத்த வாரமும் போனாள், அப்போது ஐயரம்மா வெள்ளைச் சேலையை விரித்துக் காட்டினாள், "நம்ம சங்கத்துல எல்லாரும் சேந்து எடுத்தது, நல்லாருக்கா?" நல்லாருக்கும்மா. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நல்லாருக்கும்மா நல்லாருக்கும்மா என்றே சொல்லிக்கொண்டு வந்தாள். சோமாரிக்கு என்ன தெரியும்? புது ஊரில் புதுச் சபை தன்னை வரவேற்கிறது, வெள்ளைச் சேலை கொடுக்கிறது, அவ்வளவுதான். தலையில் தண்ணீர் விழுகிறபோதுதான் தெரியும். அந்த நிமிஷம் அவள் முகம் எப்படிப் போகும்? எங்கள் தாத்தாவின் அப்பா பெற்றது பொய்யா, என் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு நின்றது பொய்யா என்று அவள் எந்தப் பாஷையில் கேட்பாள்? கேட்கமாட்டாள். சிரிப்பாள். எதற்கென்று தெரியாமல் கூடச் சேர்ந்து சிரித்த அந்தச் சிரிப்பு.

லேயாள் திரும்பிப் பார்க்கிறாள். கடைசி பெஞ்சில், சுவரோரம், கம்பெனி விடுதிப் பெண்கள் நாலு பேரோடு சோமாரி வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் வந்து உட்காரச் சொன்னதற்கு, இவர்களை விட்டு வரமாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாளாம். லேயாளைப் பார்த்ததும் தலையை ஒருதரம் ஆட்டுகிறாள், பயப்படாதே என்று. போதகரின் குரல் ஏறுகிறது, முடிக்கப்போகிறார். எப்படி ஆரம்பிப்பது? எனக்கு அன்பான சபையாரே என்றால் பிரசங்கம் மாதிரி ஆகிவிடும். நான் ஒரு பாவி என்றால் எல்லோரும் அழத் தயாராவார்கள், அழுதபிறகு எதைச் சொன்னாலும் காதில் விழாது. ஆடி மாசம் இருபது பெண்கள் வந்தார்கள் என்று ஆரம்பித்தால் பச்சை வரும், பிரதி வரும், ஏசு ஏசு என்று அவள் சொன்னது வரும், அந்த இடத்தில் எல்லோரும் ஸ்தோத்திரம் என்பார்கள், அந்தச் சத்தம் கேட்டால் அவளால் பிறகு நிறுத்த முடியாது, அந்த மிட்டாயைத் துப்ப முடியாது, அவளுக்குத் தன்னைத் தெரியும். எந்த வழியில் போனாலும் நான் என்று ஒரு இடம் வருகிறது. நான் கொடுத்தேன், நான் காட்டினேன், நான் சொன்னேன். அந்த நான் வந்தவுடன் வாய் தன் வேலையைக் காட்டிவிடும். அப்படியானால் நான் இல்லாமல் சொல்ல வேண்டும். அடுத்தவள் சொன்னதை, அடுத்தவளே இன்னொருத்தி வாயால் சொன்னதை, அப்படியே. அதில் சேர்க்க லேயாளுக்கு ஒன்றுமில்லை. விரல்கள் மரத்துப் போயிருக்கின்றன, ஐஸ் இல்லாமலேயே.

"லேயாள் அம்மா" என்று போதகர் கூப்பிட்டார். எழுந்தபோது ஐயரம்மா முதுகில் தட்டினாள். மைக் வாய்க்கு எட்டாத உயரத்தில் இருந்தது. போதகரே இறக்கிக் கொடுத்தார். ஆண்கள் பக்கத்தில் சற்குணம் விழித்துக்கொண்டுவிட்டான். "எனக்குச் சொல்லத் தெரியாது. சோமாரி சொன்னத மட்டும் சொல்லிட்டு இறங்கிருதேன்" என்றாள். அவள் குரல் கோயிலின் நாலு மூலையிலும் போய் மோதித் திரும்பி வந்தது. "சோமாரிக்குக் கைப்பிள்ளையிலேயே ஞானஸ்நானம் ஆயிட்டு. அவுக ஊருல தாத்தாவோட அப்பா காலத்துலேருந்தே கோயில் இருக்கு. இவ்வளவு பயப்படுத பொம்பளைக்கு நற்செய்திய யாரும் சொல்லலையோன்னு நெனச்சு, அவதான் எனக்காக ஜெபம் பண்ணியிருக்கா. அதுக்கு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்." அவ்வளவுதான். நாலு வாக்கியம். ஐந்தாவது தொண்டைவரை வந்தது, அதை விழுங்கினாள். ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை.  போதகர் பட்டாளத்து அண்ணாச்சியைப் பார்த்தார். அவர் எழுந்து கடைசி பெஞ்சைப் பார்த்து உரக்க ஒரு கேள்வி கேட்டார். சோமாரி எழுந்து நின்று, இரண்டு கையையும் சேர்த்து, ஒரு குழந்தையின் அளவைக் காட்டினாள். காட்டிவிட்டுத் தன் தலையைத் தொட்டாள்.  போதகர் தொட்டியின் மூடியை எடுத்துத் தன் கையாலேயே மெதுவாக மூடினார். "நாம கேக்க மறந்தத ஆண்டவர் நமக்குச் சொல்லியிருக்கார்" என்றார்.  "ஒரு சகோதரி நம்ம சபைக்கு வந்திருக்காங்க. எழுந்து நின்னு வாழ்த்துவோம்."

எல்லோரும் எழுந்தார்கள். பாட்டு ஆரம்பித்தது. லேயாள் படியிறங்கினாள். மூன்றாவது பெஞ்சில் அவளுடைய இடம் காலியாக இருந்தது, ஐயரம்மா நகர்ந்து நின்று கையால் அந்த இடத்தைத் தட்டிக் காட்டினாள். அந்த முகத்தில் கோபம் இல்லை, ஆயிரம் கேள்வி இருந்தது. எப்போ தெரியும், ஏன் சொல்லல, அன்னைக்குக் கீரை கொண்டுவந்தியே அப்பவே தெரியுமா. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லத்தான் வேண்டும், நாளைக்கு, நாளை மறுநாள், ஒவ்வொன்றாக, மன்னிப்பும் கேட்க வேண்டும், கேட்பாள். இப்போது வாயைத் திறந்தால் அது சேர்த்துக்கொள்ளும். லேயாள் அந்த பெஞ்சைத் தாண்டி நடந்தாள். அடுத்ததையும் தாண்டினாள். எதிர்வீட்டுக்காரி, "என்னக்கா இது" என்று முந்தானையைத் தொட்டாள், அவளையும் தாண்டினாள். கடைசி பெஞ்சுக்குப் போய், சோமாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த ஒரு சாண் இடத்தில் தன்னைச் செருகிக்கொண்டாள். அந்தப் பக்கம் ஐந்து பேர், ஒருத்திக்கும் தமிழ் தெரியாது.